ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் விருந்தினராக உட்காருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் விருந்தினருக்கும் வேலை உண்டு. விருந்தளிப்பவரை ‘தேய்ஷு’ என்பார்கள். அவர் மூங்கில் கரண்டியைக் கையில் எடுக்கும்போது இங்கே இனிப்புத் தட்டு நகர வேண்டும். அவர் மாச்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் கலக்கி முடிக்கும்போது உங்கள் வாய் காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்க வேலையும் பல்சக்கரம் போலக் கோத்துக்கொண்டு ஓடுகிறது.

புதிதாக வருபவர்கள் கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அது பத்து விநாடி வேலை. உண்மையில் தடுமாறுவது வேறு இடங்களில்: மோதிரத்தைக் கழற்ற மறப்பது, தேநீர் வரட்டும் என்று இனிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பது, மரத்துப்போன காலோடு எழுந்து விழுவது.

கீழே உள்ளது உராசென்கே என்னும் தேநீர்ப் பள்ளியின் முறை. ஓமோதெசென்கே, முஷாகோஜிசென்கே பள்ளிகளில் நுரையின் அளவு, அறைக்குள் முதலில் வைக்கும் கால் போன்ற சில்லறை விஷயங்கள் மாறும். வேலைகளின் வரிசை பெரும்பாலும் இதுதான். சந்தேகம் வந்தால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

1. எந்த வகைச் சடங்கு என்று முதலில் கேளுங்கள்

‘தேநீர்ச் சடங்கு’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் நடக்கின்றன. எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் தயாராக முடியாது.

முதல் வகை, பார்வையாளர்களுக்கானது. தோக்கியோவின் ஹாமா-ரிக்யூ தோட்டத்தில் குளத்தின் நடுவே இருக்கும் நகாஜிமா தேநீர் வீட்டில் பாயில் உட்கார்ந்தால், இனிப்பும் ஒரு கிண்ணம் மாச்சாவும் கொண்டுவந்து வைப்பார்கள். கியோத்தோவுக்குத் தெற்கே, ஊஜியில் நகராட்சி நடத்தும் தைஹோஆன் என்ற தேநீர் வீட்டில், தேநீர் கலக்கும் முறையையும் அருகிலிருந்து பார்க்கலாம். முன்பயிற்சி இல்லாதவர்கள் இப்படி ஓர் இடத்தில் தொடங்குவது நல்லது.

இரண்டாவது ‘சாகாய்’. இனிப்பும் ‘உசுச்சா’ என்னும் நீர்த்த மாச்சாவும் மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவது ‘சாஜி’. சாப்பாடு, கரி இடுவது, இனிப்பு, இடைவேளை, ‘கொய்ச்சா’ என்னும் கெட்டியான மாச்சா, கடைசியில் உசுச்சா என்று சுமார் நான்கு மணி நேரம் போகும். முதல் அனுபவமே சாஜியாக வேண்டாம். அதன் நேரத்தைக் கால் தாங்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சாஜியில் பரிமாறும் ‘காய்செகி’ உணவில் மீன் வரும். காய்கறிச் சூப்புபோலத் தெரிவதற்குக்கூட அடிப்படை பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் வடித்த ‘தாஷி’தான். இனிப்புகளில் அநேகமாகச் சிக்கல் இல்லை: பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். முட்டை சேர்ந்த வகைகளும் உண்டு என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அறைக்குள் வந்த பிறகு சொன்னால் மாற்றித் தர அவர்களிடம் வேறொன்று இருக்காது.

2. கையில் இருக்க வேண்டியவை

காய்ஷி: நடுவில் மடித்த வெள்ளைத் தாள்கட்டு. பெண்களுக்கானது சுமார் 14.5 × 17.5 செ.மீ., ஆண்களுக்கானது 17.5 × 20.6 செ.மீ. இனிப்புக்குத் தட்டு, விரல் துடைக்கும் துணி, மிச்சத்தைச் சுற்றும் உறை எல்லாம் இதுதான்.

இனிப்பு வெட்டும் குச்சி: பட்டையோடு சீவிய குரோமொஜி மரக்குச்சி, அல்லது உறையோடு விற்கும் சிறிய உலோகக் கத்தி. சில இடங்களில் இனிப்போடே தந்துவிடுவார்கள். தராவிட்டால் விரலால் பிய்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஒன்றை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சென்சு: சிறிய மடக்கு விசிறி. பெண்களுக்குச் சுமார் 15 செ.மீ., ஆண்களுக்கு 18 செ.மீ. இதை அறைக்குள் விரிக்கவே கூடாது. வணங்கும்போது முழங்காலுக்கு முன்னால் குறுக்காக வைக்கிறார்கள். உங்களுக்கும் நீங்கள் வணங்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது போல. வியர்க்கிறது என்று விரித்து வீசினால் அறையே திரும்பிப் பார்க்கும்.

இவற்றோடு ஒரு கைக்குட்டையும், புதிதாக உறை பிரித்த வெள்ளைக் காலுறையும் வேண்டும். காலுறையை அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். தெருவில் போட்டு நடந்த காலுறையோடு பாயில் ஏறினால், அதே பாயில்தான் கிண்ணமும் இனிப்பும் வைக்கப்படும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. கழற்ற வேண்டியவையும் உடுத்த வேண்டியவையும்

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். ‘ராக்கு’ வகைக் கிண்ணம் குறைந்த சூட்டில் சுட்டது. அதன் உடல் மென்மையானது, உலோகம் பட்டால் கீறல் விழும். நாத்சுமே என்னும் மாச்சாச் செப்பில் இருக்கும் அரக்குப் பூச்சும் அப்படித்தான். கழறாத திருமண மோதிரமாக இருந்தால் அதன்மேல் சிறு ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம்.

வாசனைத் திரவியம் வேண்டாம். தலையில் மல்லிகையும் வேண்டாம். கரியடுப்பில் தேய்ஷு இட்ட நறுமணமும் மாச்சாவின் மணமும் அந்தச் சிறிய அறையில் மெல்லியதாகத்தான் இருக்கும். ஒரு முழம் பூ இரண்டையும் அமுக்கிவிடும்.

கிமோனோ கட்டாயமில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தால் முழங்காலை மூடும் தளர்வான உடை போதும். சுடிதார் மிக வசதி. புடவை கட்டினால் முந்தானையை ஊசி குத்திவிடுங்கள். குனிந்து வணங்கும்போது அது சரிந்து கிண்ணத்தின் மேல் விழுவதுதான் ஆபத்து. இறுக்கமான ஜீன்ஸ் தொடையை இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

4. வஜ்ராசனம் பழகுங்கள்

அறையில் எல்லோரும் உட்காரும் ‘செய்சா’ என்பது ஏறக்குறைய நம் வஜ்ராசனம். சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்காரப் பழகியவர்களுக்கும் இது வேறு விஷயம். முழு எடையும் கணுக்கால்மேல் இறங்கும். ஒரு வாரத்துக்கு முன்பே தினம் பத்து நிமிடத்தில் தொடங்கி இருபத்தைந்து நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். மெத்தையில் பழகிப் பயனில்லை, பாயில் பழகுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே கால் பெருவிரல்களை ஒன்றின்மேல் ஒன்று மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் மரப்பு தள்ளிப்போகும். வணங்கும்போது எடை முன்னால் போகும். அந்த இரண்டு விநாடியையும் காலுக்கு ஓய்வாகப் பயன்படுத்தலாம். தாங்கவில்லை என்றால் தாமாகக் காலை மாற்ற வேண்டாம். ‘வசதியாக உட்காருங்கள்’ என்று தேய்ஷுவே சொல்லும் கட்டம் அநேகமாக வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவிலேயே சொன்னால் குட்டி முக்காலி கிடைக்கலாம். நாற்காலி மேசையில் நடத்தும் ‘ரியூரே’ முறையும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

5. தோட்டத்திலிருந்து அறைக்குள்

பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பை, மேலங்கி, கைப்பேசி ஆகியவற்றைக் காத்திருக்கும் அறையில் வைத்துவிட்டு, காய்ஷி, குச்சி, விசிறி, கைக்குட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் பாதையில் பதித்த கற்களின்மேல் மட்டும் நடக்க வேண்டும். ஒரு கல்லின்மேல் கறுப்புக் கயிறு கட்டிய சின்னக் கல் இருந்தால் ‘இந்தப் பக்கம் வழி இல்லை’ என்று அர்த்தம். அழகுக்கு வைத்ததென்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நேராகத் தேய்ஷு வேலை செய்யும் பின்கட்டில் போய் நிற்பார்கள்.

தாழ்வான கல் தொட்டி வரும். அகப்பையால் ஒரு முறை நீர் மொண்டு, முதலில் இடக் கை, அடுத்து வலக் கை கழுவி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது. மீதி நீர் காம்பின் வழியே வழியுமாறு அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் நீங்கள் பிடித்த இடமும் கழுவப்பட்டுவிடும்.

அறையின் வாசல் ‘நிஜிரிகுச்சி’. உயரம், அகலம் இரண்டுமே முக்கால் மீட்டருக்கும் குறைவு. வெளிக்கல்லில் குந்தி, விசிறியை உள்ளே முன்னால் வைத்து, முஷ்டிகளை ஊன்றி முழங்காலால் நகர்ந்து நுழைய வேண்டும். தலையை முதலில் தாழ்த்திவிட்டு உடலை நகர்த்துங்கள். உயரமானவர்கள் வெளியேறும்போதும் நெற்றியில் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் திரும்பி, செருப்பை எடுத்து அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். பின்னால் வருபவருக்குக் கல்லில் இடம் வேண்டுமே. கடைசி விருந்தினர் கதவைச் சற்றே சத்தம் வரும்படி மூடுவார். எல்லோரும் வந்தாயிற்று என்று தேய்ஷுவுக்கு அதுதான் சேதி.

6. பாயில் நடப்பதும் இடம் பிடிப்பதும்

தாதாமி பாயின் துணிக் கரைக்கு ‘ஹேரி’ என்று பெயர். அதை மிதிக்கக் கூடாது. கதவின் அடிச்சட்டத்தையும் மிதிக்கக் கூடாது. பாதத்தைத் தூக்காமல் உரசினாற்போல நடந்தால் கரையைத் தாண்டுவது எளிது. பெரிய எட்டு வைத்தால் தவறாமல் கரையில்தான் கால் விழும்.

முதலில் ‘தோகோனோமா’ என்னும் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, விசிறியை வைத்து வணங்கி, தொங்கும் எழுத்துச் சுருளையும் பூவையும் பார்த்து, மறுபடி வணங்க வேண்டும். பிறகு அடுப்பையும் கெண்டியையும் பார்க்கலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அடுப்பு தரையில் வெட்டிய சதுரக் குழியில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை பாயின்மேல் வைத்த கணப்பில் இருக்கும்.

இனி இருக்கை. முதல் விருந்தினர் ‘ஷோக்யாக்கு’. எல்லோர் சார்பிலும் தேய்ஷுவிடம் பேசுபவர் அவர். கடைசி விருந்தினர் ‘சுமே’. தட்டுகளைச் சேர்த்துத் திருப்பித் தருவது, கதவு மூடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். வெளிநாட்டு விருந்தாளி என்று மரியாதைக்கு முதலிடத்தைக் காட்டினாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். கடைசி இடம் அடக்கமானது என்று நினைத்து அங்கே போய் உட்காருவது அதைவிடப் பெரிய பொறி. நடுவில், இரண்டாவது அல்லது மூன்றாவது இடமே உங்களுக்கு நல்லது. முன்னால் ஒருவரைப் பார்த்துச் செய்யலாம், பின்னால் ஒருவர் திருத்துவார். உட்கார்ந்ததும் விசிறியை உங்களுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

7. இனிப்பு: அதிகம் பேர் தவறுவது இங்கேதான்

இனிப்பைத் தேநீரோடு சேர்த்துச் சாப்பிடுவதில்லை. முதலில் இனிப்பு முழுவதும், பிறகு தேநீர். மாச்சாவில் சர்க்கரை கிடையாது. நாக்கில் மிஞ்சியிருக்கும் இனிப்பின்மேல் அந்தக் கசப்பு விழ வேண்டும் என்பதே ஏற்பாடு. காப்பியும் பலகாரமும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பழகிய நாம் பாதி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். அதற்குள் கிண்ணம் வந்துவிடும், வைக்க இடம் இருக்காது.

‘இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தேய்ஷு சொன்ன பிறகுதான் தட்டு நகரும். உங்கள் முறை வந்ததும்:

அடுத்தவரைப் பார்த்து, ‘ஓசாகி நி’ என்று சொல்லி வணங்குங்கள். ‘உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று பொருள். தட்டை இரு கையாலும் சற்றே உயர்த்தி, தலை தாழ்த்தி, இறக்கி வையுங்கள்.

காய்ஷிக் கட்டை, மடிப்பு உங்கள் பக்கம் இருக்கும்படி முழங்காலுக்கு முன்னால் வையுங்கள். தட்டின்மேல் இருக்கும் ஜோடி உணவுக் குச்சிகளால் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை எடுங்கள். அழகானது பின்னால் இருந்தாலும் பின்னால்தான் இருக்கட்டும். பயறு விழுது ஒட்டும் என்பதால், குச்சிகளின் நுனியைக் காய்ஷியின் மேல்தாள் மூலையை மடித்து அதில் துடைத்த பிறகே தட்டில் திருப்பி வைக்க வேண்டும். தட்டை அடுத்தவரிடம் நகர்த்துங்கள்.

இப்போது காய்ஷியை இடக் கையில் நெஞ்சுவரை தூக்கி, குச்சியால் இனிப்பை மூன்று நான்காக வெட்டி, குத்திச் சாப்பிடுங்கள். அழுத்தாமல், குச்சியின் தட்டைப் பக்கத்தால் மேலிருந்து நேராக இறக்கினால் நசுங்காது. குச்சியால் அறுக்க முயன்றால் இனிப்பு உருண்டு மடியில் விழும். பாயில் தட்டை வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிடக் கூடாது.

உலர் இனிப்பு வந்தால் குச்சி வேண்டாம், கையால் எடுக்கலாம். இரண்டு வகை இருந்தால் வகைக்கு ஒன்று. சாப்பிட்டதும் மேல்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வையுங்கள். குப்பை உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும். அங்கே குப்பைத்தொட்டி கேட்பது சங்கடம். முடியாத இனிப்பையும் இதே தாளில் சுற்றிக்கொள்ளலாம்.

8. உசுச்சா: கிண்ணத்தை எடுப்பது முதல் திருப்பித் தருவது வரை

ஒரு கிண்ணத்தில் சுமார் 2 கிராம் மாச்சாவும் 60 முதல் 70 மி.லி. வெந்நீரும் இருக்கும். பெரிய கூட்டமாக இருந்தால் முன்வரிசையில் ஓரிருவருக்கு மட்டும் தேய்ஷு எதிரில் கலக்கித் தருவார். மற்றவர்களுடையது பின்கட்டில் தயாராகி வரும். உங்களுடையது பின்கட்டுக் கிண்ணம் என்பது அவமரியாதை இல்லை, எல்லோருக்கும் ஆறாமல் கொடுக்க அதுதான் வழி.

கிண்ணம் வந்ததும் ஹேரிக்கு உட்பக்கமாக எடுத்து, முன்னவருக்கும் உங்களுக்கும் நடுவே வைத்து, ‘ஓஷோபான் இதாஷிமாஸு’, அதாவது ‘உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்’. அடுத்தவருக்கும் உங்களுக்கும் நடுவே நகர்த்தி, ‘ஓசாகி நி’. பிறகு உங்களுக்கு நேர் எதிரே வைத்து, தேய்ஷுவை நோக்கி, ‘ஓதெமாயே ச்சோதாய் இதாஷிமாஸு’, ‘நீங்கள் கலக்கியதை ஏற்றுக்கொள்கிறேன்’. மூன்றும் நினைவில் நிற்காவிட்டால் கடைசியை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்ற இரண்டுக்கும் வாய்பேசாமல் வணங்கினாலே போதும்.

வலக் கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, வலக் கையால் பக்கவாட்டில் அணைத்துப் பிடியுங்கள். இடக் கையில் ஏந்துவது நமக்குக் கூச்சமாக இருக்கலாம். இங்கே எடையைத் தாங்குவது அந்தக் கைதான். வலக் கையால் மட்டும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் சூட்டில் கை உதறும். லேசாக உயர்த்தித் தலை தாழ்த்துங்கள்.

கிண்ணத்தின் அழகான முகம் உங்களைப் பார்த்து இருக்கும். அந்த முகத்தில் வாய் வைக்காமலிருக்கவே திருப்புவது. கடிகார முள் போகும் திசையில் இரண்டு சிறு திருப்பு. இடது உள்ளங்கை அசையக் கூடாது, வலக் கை விரல்கள்தான் திருப்ப வேண்டும். முழுச் சுற்று சுற்றிவிட்டால் முகம் மறுபடி உங்களிடமே வந்து நிற்கும்; பதற்றத்தில் பலரும் செய்வது அதுதான்.

மூன்று நான்கு மடக்கில் குடித்துவிடுங்கள். ரசித்து ரசித்துக் கால்மணி நேரம் குடித்தால் தூள் அடியில் தங்கும், நுரை அடங்கும், அடுத்தவர் காத்திருப்பார். கடைசி மடக்கைச் சத்தம் கேட்கும்படி உறிஞ்சுங்கள். நம் வீடுகளில் திட்டு வாங்கித் தரும் அந்தச் சத்தம்தான் இங்கே ‘முடிந்தது’ என்பதற்கு அடையாளம்.

வாய் பட்ட இடத்தை வலக் கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இடமிருந்து வலமாகத் துடைத்து, விரலைக் காய்ஷியில் துடையுங்கள். கிண்ணத்தை எதிர்த்திசையில் இரண்டு முறை திருப்பி, ஹேரிக்கு வெளிப்பக்கம் வையுங்கள். இனி அதைப் பார்க்கலாம்: முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, இரு கையாலும் பாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் போகாமல் பிடியுங்கள். கை தவறினாலும் உடையாத உயரம் அது. அடிப்பக்கம் பார்க்கத் தலைக்குமேல் தூக்குபவரைக் கண்டால் தேய்ஷுவுக்கு மூச்சு நின்றுவிடும். திருப்பித் தரும்போது முகம் தேய்ஷு பக்கம் பார்க்க வேண்டும்.

9. கொய்ச்சா: ஒரே கிண்ணம், பல வாய்

ஆளுக்கு மூன்று நான்கு கிராம் வீதம் தூளைப் போட்டு, குறைந்த நீரில் குழம்புபோலக் குழைத்தது. மூன்று முதல் ஐந்து பேர் ஒரே கிண்ணத்தில் குடிப்பது மரபு.

அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்கு எச்சில் என்ற தயக்கம் வரும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள இது வழியாது, முயலவும் வேண்டாம். ஒவ்வொருவரும் குடித்த இடத்தை ஈரத் துணியாலோ காய்ஷியாலோ நன்றாகத் துடைத்துத்தான் அடுத்தவருக்குத் தருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் தரும் இடங்களும் உண்டு. மனம் ஒப்பாவிட்டால் முன்பதிவில் கேளுங்கள்; கிண்ணம் கைக்கு வந்த பிறகு மறுப்பதுதான் எல்லோரையும் சிக்கலில் விடும்.

அளவு மூன்றரை மடக்கு. எத்தனை பேர் பின்னால் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு குடியுங்கள். கூச்சத்தில் நுனிநாக்கில் தொட்டுவிட்டு நகர்த்தினால், கடைசியில் இருக்கும் சுமே பாதிக் கிண்ணத்தை ஒரே ஆளாக முடிக்க வேண்டிவரும். வெறும் வயிற்றில் அது கடினம். சாஜியில் கொய்ச்சாவுக்கு முன் சாப்பாடு வைத்திருப்பதற்கு அதுவும் காரணம்.

10. பாத்திரங்களைப் பார்ப்பது

ஷோக்யாக்கு கேட்ட பிறகு நாத்சுமேயும், ‘சாஷாக்கு’ என்னும் மூங்கில் கரண்டியும் வரிசையாக வரும். யார் செய்தது, என்ன பெயர் என்று கேட்பது ஷோக்யாக்குவின் வேலை. நடுவில் இருப்பவர் குறுக்கே கேட்டால் அவர் கேள்விகளின் வரிசை குலையும். கரண்டியின் தூள் அள்ளும் நுனியைத் தொடாதீர்கள், விரல் எண்ணெய் மூங்கிலில் தங்கிவிடும்.

11. எழுவதும் வெளியேறுவதும்

எழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே கால்விரல்களை ஊன்றிக் குதிகாலின்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரத்தம் இறங்கிக் குத்தத் தொடங்கும். அது அடங்கிய பிறகு எழுங்கள். உணர்வே இல்லாத பாதத்தை ஊன்றினால் கணுக்கால் மடங்கும். அடுப்புப் பக்கம் விழுந்துவிடலாம் என்பது இதில் உள்ள அபாயம். முடியவில்லை என்றால் முழங்காலாலேயே நகர்ந்து போங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பின்னால் வைத்த விசிறியை எடுக்க மறக்காதீர்கள். மாடத்தையும் அடுப்பையும் மறுபடி பார்த்துவிட்டு, வந்த வழியே வெளியேறுங்கள். சாஜியில் வெளியே வந்ததும் நடையைக் கட்டிவிடக் கூடாது. தேய்ஷு சிறு வாசலைத் திறப்பார், இருபுறமும் பேசாமல் வணங்குவது வழக்கம். அவர் கதவை மூடிய பிறகு நகரலாம்.

படம் எடுக்க வேண்டுமானால் எல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு கேளுங்கள். எடுக்கச் சொன்னாலும் கைப்பேசியைக் கிண்ணத்துக்குமேல் நீட்டாமல், பின்னால் நகர்ந்து நின்று எடுங்கள்.